பதிவு போட்டும் பயனில்லையா? நிரலாளர்களுக்கு அறிகுறிவாரியாகப் பழுது பார்க்கும் வழி

மென்பொருள் கருவி நன்றாக இருக்கிறது. எழுதியவருக்குத் திறமை குறைவில்லை. ஆனால் அதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் போட்ட பதிவு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. நண்பர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் இந்தப் பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அல்காரிதத்தின் மேல் பழி போடுகிறார்கள். அடுத்த மூச்சில் விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. படிக்கிறவரின் கைப்பேசியில் என்ன தெரிகிறது என்று பதிவு போட்டவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான். கணக்கிலிருந்து வெளியேறி, முடிந்தால் வேறொருவருடைய கைப்பேசியில், உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். அது கொண்டுபோய்விடும் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிறகு உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஸ்கிரீன்ஷாட்டில் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (ஒரு சேவைக்குள் நிரலை நுழையவிடும் ரகசியக் குறி) வெளியாகிவிட்டதென்றால் வேறெதையும் படிக்காமல் கடைசித் தலைப்புக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

## இணைப்பைப் போட்டால் படமும் தலைப்பும் வரவில்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். லிங்க்ட்இன்னிலோ வாட்ஸ்அப்பிலோ இணைப்பை ஒட்டினால் வெறும் முகவரி மட்டும் நிற்கிறது. அப்படி மொட்டையாக நிற்கும் இணைப்பைத் தொட அறிமுகமில்லாதவர் தயங்குவார். அவர் தயங்குவதில் தவறும் இல்லை.

### எதுவுமே வரவில்லை என்றால்

பக்கத்தின் மூலத்தைத் திறந்து, முன்னோட்டத்துக்குத் தலைப்பும் படமும் தரும் ஓஜி:டைட்டில், ஓஜி:இமேஜ் என்ற இரண்டு டேக்குகளையும் தேடுங்கள். 'இன்ஸ்பெக்ட்' பலகத்தில் தேடாதீர்கள். அது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகுள்ள பக்கத்தைக் காட்டும். முன்னோட்டம் எடுக்கத் தளங்கள் அனுப்பும் தானியங்கி நிரல்களான பாட்கள் பொதுவாக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை; 'வியூ சோர்ஸ்' காட்டுவதுதான் அவற்றுக்குக் கிடைப்பது. பிரவுசர் இல்லாமலே பக்கத்தை எடுத்துக்காட்டும் கர்ல் கட்டளையாலும் அதையே பார்க்கலாம்.

டேக்குகளே இல்லையென்றால் சேருங்கள். சில நிமிட வேலை. இன்ஸ்பெக்டில் இருந்து மூலத்தில் இல்லையென்றால், உங்கள் பக்கம் முழுவதும் பிரவுசரில்தான் உருவாகிறது. அந்தப் பக்கத்தையாவது சர்வரிலேயே உருவாக்கியோ, நிலையான கோப்பாக முன்கூட்டியே கட்டியோ அனுப்பவேண்டும். இதற்குச் சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை ஆகலாம்.

### தலைப்பு வருகிறது, படம் வரவில்லை என்றால்

டேக்கில் உள்ள பட முகவரியைத் தனியாக எடுத்து மறைநிலைச் சன்னலில் திறந்து பாருங்கள். சாய்கோட்டில் தொடங்கும் அரைகுறை முகவரி போதாது. ஹெச்டிடிபிஎஸ் தொடங்கி முழுதாக இருக்கவேண்டும். எஸ்விஜி படம் வேலைக்கு ஆகாது. பிஎன்ஜி அல்லது ஜேபெக் வையுங்கள். 1200×630 என்ற அளவு பெரும்பாலான இடங்களில் வெட்டுப்படாமல் நிற்கும்.

### எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால்

பாட்களை யாரோ வாசலிலேயே தடுக்கிறார்கள். எந்தப் பாட் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை முதலில் பாருங்கள். பிறகு கர்ல் கட்டளையில் யூசர் ஏஜென்ட்டாக (கேட்பவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் பெயர்) லிங்க்ட்இன்பாட், ட்விட்டர்பாட், ஃபேஸ்புக்எக்ஸ்டர்னல்ஹிட் என்ற பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து உங்கள் பக்கத்தைக் கேளுங்கள். ஒரு சிறு குழுவின் தளத்தில் இதைத் தேடி எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. பக்கம் எங்கள் எல்லோருக்கும் திறந்தது. பாட்களுக்கு மட்டும் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில், போயிற்று. ஃபயர்வாலில் யாரோ எப்போதோ போட்டு மறந்த ஒரு விதிதான் காரணம். அன்றிலிருந்து இந்தச் சோதனையை நான் தவிர்ப்பதே இல்லை.

### பழைய படமே வருகிறது என்றால்

தளங்கள் ஒருமுறை எடுத்த முன்னோட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. லிங்க்ட்இன்னுக்குப் போஸ்ட் இன்ஸ்பெக்டர், ஃபேஸ்புக்குக்கு ஷேரிங் டீபக்கர் என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. முகவரியைக் கொடுத்தால் புதிதாக எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவரின் கைப்பேசியோ கணினியோதான். ஆகவே உங்களுக்குச் சரியாகத் தெரிந்தது அடுத்தவர் அனுப்பும்போதும் தெரியும் என்று நம்பவேண்டாம். அவசரம் என்றால் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி இட்டு வி=2 என்பதுபோல் எதையாவது சேருங்கள்; தளம் அதைப் புதிய பக்கமாகக் கருதும்.

கிட்ஹப் ரெப்போவை (நிரல் சேமிப்பகத்தை) பகிர்கிறவர்களுக்கு மூலத்தைத் தொடும் வேலையே இல்லை. ரெப்போவின் அமைப்புகளில் 'சோஷியல் பிரிவியூ' என்ற இடத்தில் 1280×640 அளவில் ஒரு படத்தை ஏற்றினால் போதும். அந்தப் படத்திலேயே கருவி என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்டையின் தோற்றத்தைத் தளங்கள் தம் விருப்பப்படி மாற்றும். எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) 2023 அக்டோபரில் இணைப்பு அட்டையிலிருந்து தலைப்பையே எடுத்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை யாரும் எடுக்க முடியாது.

எப்போது ஆளை அழைப்பது: நூற்றுக்கணக்கான பக்கங்கள் பிரவுசரில் மட்டுமே உருவாகின்றன, சர்வர் வழியைத் தொட்டு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால். அழைக்கவேண்டியது முன்முகப்பு நிரலாளரை. மார்க்கெட்டிங் நிறுவனத்தை அல்ல.

## பதிவை யாரும் பார்க்கவில்லை

### பார்வை எண்ணிக்கையே மிகக் குறைவு

பதிவு யாருக்குத் தெரியும்படி போடப்பட்டது என்று பாருங்கள். லிங்க்ட்இன்னில் 'எல்லோருக்கும்', 'தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும்' என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸில் கணக்கு பூட்டப்பட்டிருந்தால் பின்தொடர்கிறவர்களைத் தவிர யாரும் பார்க்கமுடியாது. இரண்டையும் நான் நேரில் கண்டிருக்கிறேன்.

### பார்வை உண்டு, யாரும் நிற்பதில்லை

முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். லிங்க்ட்இன் ஒரு பதிவுக்கு 3000 எழுத்துகள் தருகிறது. ஆனால் 'மேலும்' என்பதைத் தொடுவதற்கு முன் கண்ணில் படுவது இரண்டு மூன்று வரிகள்தான். அங்கே இப்படி இருக்கும்:

"எங்கள் கருவியின் இரண்டாம் பதிப்பு வெளியாவதை மிக்க மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம்."

இதில் படிப்பவருக்கு ஒன்றுமில்லை. அதே கருவிக்கு இப்படி எழுதலாம்:

"போஸ்ட்கிரஸ் பேக்கப் தினமும் ஓடியது. தேவைப்பட்ட அன்று அதிலிருந்து மீட்க முடியவில்லை. பேக்கப்பைத் தினமும் மீட்டுப் பார்த்துச் சோதிக்கும் கருவி ஒன்றை எழுதினேன்."

அந்த வலியைப் பட்டவர் நின்றுவிடுவார். படாதவர் கடந்துபோகட்டும், அவர் உங்கள் பயனர் அல்லர்.

வரிகள் சரியாக இருந்தால் படத்தைப் பாருங்கள். 60 வரி நிரலைக் கருப்புப் பின்னணியில் படமாக்கிப் போட்டால் கைப்பேசியில் எறும்பு ஊர்ந்ததுபோல்தான் தெரியும். பன்னிரண்டு வரிக்குள் அடக்குங்கள். மீதிக்கு இணைப்புக் கொடுங்கள். படத்துக்கு மாற்று உரையும் எழுதுங்கள். பார்வையற்ற நிரலாளர்கள் பலர் இருக்கிறார்கள். திரைவாசிப்பான் படத்திலுள்ள நிரலைச் சரியாகப் படித்துக்காட்டும் என்று நம்ப முடியாது. யூனிகோடின் கணிதக் குறிகளை எடுத்து ஆங்கில எழுத்தைத் தடித்ததாகக் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திரைவாசிப்பான் அதில் தடுமாறும். தேடினாலும் கிடைக்காமல் போகும்.

### எல்லாம் சரி, ஆனால் பின்தொடர்கிறவர்கள் வேறு ஆட்கள்

பலருடைய தொடர்புப் பட்டியலில் கல்லூரித் தோழர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் நிறைந்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் கருவியைப் பற்றிய பதிவுக்கு அவர்கள் என்ன செய்யமுடியும்? இதற்கு மருந்து மெதுவானது. உங்கள் கருவி தீர்க்கும் சிக்கலைப் பற்றி யார் எங்கே புலம்புகிறார்கள் என்று தேடிப்போய், கருவியின் பெயரைச் சொல்லாமலே பயனுள்ள பதில் எழுதுங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பதிவுகளைவிடப் பின்னூட்டங்களில்தான் சந்தை ஒளிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2010இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஜென்டெஸ்க் விலையை உயர்த்தியபோது, நிரலாளர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் எழுந்த புலம்பலைப் படித்தபிறகே அதற்குப் போட்டியாக ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கும் எண்ணம் வந்ததாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொல்லியிருக்கிறார். சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. பதிவு போடும் நேரத்தில் பாதியையாவது அடுத்தவர் எழுதுவதைப் படிக்க ஒதுக்குங்கள்.

### பணம் கொடுத்தால் தீருமா

பின்தொடர்வோரை விலைக்கு வாங்காதீர்கள். ஒருவர் பதிவுக்கு ஒருவர் விருப்பக்குறி போட்டுக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேராதீர்கள். கருவியைப் பயன்படுத்தாதவர்களின் கைதட்டலால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. கட்டண விளம்பரம் வேறு விஷயம், அதில் தவறில்லை. ஆனால் பணமே இல்லாமல் ஒரு பதிவாவது அறிமுகமில்லாதவர்களைக் கூட்டிவந்த பிறகு, அதே பதிவுக்குச் செலவழியுங்கள். இலவசமாக ஓடாத வரி காசு கொடுத்தாலும் ஓடாது.

எப்போது ஆளை அழைப்பது: அப்படி ஒரு பதிவு கைவசம் இருந்து, மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் நிலைக்கு வந்தால். அப்போதும் நிரலாளர்களுக்கான பொருளை முன்பு விற்றுக்காட்டியவரையே தேடுங்கள்.

## விருப்பக்குறி குவிகிறது, கருவியை யாரும் பயன்படுத்தவில்லை

பதிவில் கோளாறு இல்லை. பதிவு கொண்டுபோய்விடும் இடத்தில் இருக்கிறது. ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் திரையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: இது என்ன செய்கிறது, யாருக்கு, நிறுவ என்ன கட்டளை, ஓடினால் என்ன தெரியும். பலருடைய ரீட்மீயில் முதல் திரை முழுவதும் வண்ண வண்ணப் பட்டைகளும் பொருளடக்கமும்தான்.

அடுத்து உரிமம். உரிமக் கோப்பே இல்லாத ரெப்போ, மூலம் திறந்து கிடந்தாலும், சட்டப்படி முழு பதிப்புரிமைக்கு உட்பட்டது. நிறுவனத்தில் வேலை செய்பவர் அதைத் தொடமாட்டார், உங்களிடம் சொல்லவும்மாட்டார். அப்பாச்சியோ எம்ஐடியோ உங்களுக்குப் பொருந்துவதைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ரெப்போவின் விவரப் பகுதி காலியாக இருந்தால் நிரப்புங்கள். 20 தலைப்புச் சொற்கள் வரை சேர்க்கலாம்.

பிறகு செய்யவேண்டிய சோதனையைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். கருவியை அறியாத ஒரு நிரலாளரை உட்காரவைத்து, பதிவைத் தொடுவதிலிருந்து முதல் விளைவு திரையில் தெரியும்வரை அவரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் நெற்றியைச் சுருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்கினால்தான் எதையும் பார்க்கமுடியும் என்றால், பெரும்பாலும் அந்தப் படிவத்தின் முன்னால்தான் நெற்றி சுருங்கும்.

### பயன்படுத்துகிறார்கள் போலிருக்கிறது, ஆனால் யாரும் பேசுவதில்லை

'உங்கள் கருத்தைப் பகிருங்கள்' என்று கேட்டிருப்பீர்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கான செய்திக் குழுவில், பின்னாளில் லினக்ஸ் ஆன தன் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது, மினிக்ஸில் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்றுதான் கேட்டார். மினிக்ஸைப் பயன்படுத்துகிறவர் எவருக்கும் அதற்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது.

எப்போது ஆளை அழைப்பது: மூன்று பேரை உட்காரவைத்து மூவரும் ஒரே இடத்தில் தடுக்கிவிழுந்து, ஏன் என்று உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், தொழில்நுட்ப ஆவணம் எழுதுகிறவரை அழையுங்கள்.

## வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை

கூகுள் அனலிட்டிக்ஸில் பெரும்பகுதி 'நேரடி' என்றே காட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம், ஸ்லாக் போன்ற செயலிகளிலிருந்து வருகிறவர்களுடன் எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் பெரும்பாலும் வராது. இணைப்பின் கடைசியில், எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் யூடிஎம் குறிகளைச் சேருங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக.

### யூடிஎம் சேர்த்தும் காட்டவில்லை என்றால்

இணைப்பை நீங்களே தொட்டு, பக்கம் முழுதாகத் திறந்தபின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். குறிகள் காணாமல் போயிருந்தால், வழியில் ஏதோ ஒரு திசைமாற்றம் அவற்றை உதிர்த்துவிட்டது. ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறும் இடமும், டபிள்யூடபிள்யூடபிள்யூ சேரும் அல்லது விலகும் இடமும் வழக்கமான குற்றவாளிகள். முகவரியில் ஹாஷ் குறி இருந்தால் யூடிஎம் அதற்கு முன்னால் வரவேண்டும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுங்கள். அனலிட்டிக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறு ஊடகமாக எண்ணும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளில் யூடிஎம் வைக்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும்.

### எண்ணிக்கையே மிகக் குறைவாக இருந்தால்

நிரலாளர்கள் விளம்பரத் தடுப்பானோடு வாழ்பவர்கள். அது அனலிட்டிக்ஸையும் சேர்த்துத் தடுக்கிறது. ஒரு வார சர்வர் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை) எடுத்து, பாட்களைக் கழித்து, அதே வாரத்தின் அனலிட்டிக்ஸ் எண்ணோடு வைத்துப் பாருங்கள். உங்கள் வாசகர்களில் எவ்வளவு பேர் கணக்கில் வராமல் போகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

கிட்ஹப்பின் 'டிராஃபிக்' பக்கம் கடைசி 14 நாள்களை மட்டுமே வைத்திருக்கும். பெரிய அறிவிப்புக்கு மூன்று வாரம் கழித்து அங்கே போனால் ஒன்றும் இருக்காது. காலண்டரில் குறித்துக்கொண்டு எடுத்துவையுங்கள், அல்லது ஏபிஐ வழியாக வாரந்தோறும் சேமிக்கச் சிறு நிரல் எழுதுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, 'எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்று கணக்குத் தொடங்கும்போது கேட்கும் ஒற்றை வரிதான் எனக்கு அதிகம் சொல்லித்தந்திருக்கிறது. வெளியாள் இதற்குத் தேவையில்லை. விளம்பரச் செலவும் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் பொருந்தாமல் மாதக்கணக்கில் போனால் மட்டும் அழையுங்கள்.

## பதிவு நீக்கப்பட்டது, அல்லது சத்தமில்லாமல் மறைந்துவிட்டது

ரெடிட். வெளியேறிய நிலையில் பதிவைத் தேடுங்கள். உங்களுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமலிருந்தால், தானியங்கி மட்டுறுத்துநர் எடுத்திருக்கக்கூடும். நீங்கள் பதிவு போட்ட சப்ரெடிட்டின் (ரெடிட்டிலுள்ள தலைப்புவாரிக் குழுவின்) விதிகளைப் படியுங்கள். கணக்கின் வயதுக்கும் கர்மாவுக்கும் (மற்றவர்கள் ஓட்டால் சேரும் மதிப்பெண்) சில இடங்களில் வரம்பு உண்டு. மட்டுறுத்துநருக்கு ஒரே ஒரு முறை பணிவாக எழுதுங்கள். அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். உங்கள் சுயவிவரப் பக்கமே வெளியாருக்கு 'இல்லை' என்று வந்தால், கணக்கே மறைக்கப்பட்டிருக்கிறது. முறையீட்டுப் பக்கத்தில்தான் கேட்கவேண்டும்.

ஹேக்கர் நியூஸ். 'ஷோ ஹெச்என்' என்ற தலைப்பில் போடுவதை மற்றவர்கள் உடனே ஓட்டிப்பார்க்க முடியவேண்டும். மின்னஞ்சல் பதியும் பக்கம், கட்டுரை, செய்திமடல் எதுவும் அதில் சேராது. நண்பர்களிடம் இணைப்பை அனுப்பி ஓட்டுக் கேட்பது விதிமீறல். அந்த நண்பர்கள் புதுக் கணக்கு தொடங்கிவந்து பாராட்டினால் அவர்கள் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். பழைய ஆட்கள் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள்.

பிராடக்ட் ஹன்ட். புதுக் கருவிகள் நாள்வாரியாகப் போட்டியிடும் தளம் இது. இங்கே பதிவு மறைவதில்லை, நேரம் தப்பிவிடுகிறது. அதன் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவு 12.01க்குத் தொடங்குகிறது. இந்திய நேரத்தில் அது கோடைக்காலத்தில் பகல் 12.31, குளிர்காலத்தில் 1.31. இரவு உணவுக்குப் பிறகு நிதானமாக வெளியிட்டால் நாளில் கணிசமான பகுதி போயிருக்கும்.

## கூட்டம் வந்தது, தளம் விழுந்துவிட்டது

அறிமுகப் பக்கத்தை நிலையான கோப்பாக மாற்றி, பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து அதை வழங்கும் சிடிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள். அது டேட்டாபேஸைத் தொடவே கூடாது. செயல்விளக்கம் தாங்கவில்லையென்றால் அதை நிறுத்திவிட்டு ஒரு சிறு வீடியோவை வையுங்கள். உரையாடல் நடக்கும் இடத்துக்கே போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

## ஸ்கிரீன்ஷாட்டில் ரகசியம் தெரிந்துவிட்டது

வரிசை மாறக்கூடாது. முதலில் சாவியை ரத்துசெய்யுங்கள். பதிவை அழிப்பது இரண்டாவது வேலை. பதற்றத்தில் எல்லோரும் பதிவைத்தான் முதலில் அழிக்கிறார்கள்; அதற்குள் யார் எடுத்துவைத்தார்கள் என்று தெரியாது. சாவி செத்துவிட்டால் எடுத்தவரிடம் இருப்பது வெறும் எழுத்துகள்.

### ரத்துசெய்தபின்

அந்தச் சாவி வெளியானதிலிருந்து என்னென்ன அழைப்புகள் வந்தன என்று லாகில் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத முகவரியிலிருந்து ஒன்று வந்திருந்தாலும் சாவியின் கதை அங்கே முடியவில்லை; அந்தச் சாவியால் எட்டக்கூடிய எல்லாவற்றையும் சரிபார்க்கவேண்டும்.

### படத்தை மறுபடி போடுவதென்றால்

மங்கலாக்கினால் போதாது; கட்டம் கட்டமாகச் சிதைத்த எழுத்தை மீட்டெடுக்க முடிகிறது. வெட்டினாலும் கவனம் வேண்டும். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் மார்க்அப் கருவியில் ஒரு பிழை வெளிவந்தது. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது. போலிச் சாவியை இட்டு, புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் நான் செய்வது.

### படத்தில் வாடிக்கையாளர் விவரம் தெரிந்திருந்தால்

இங்கே நீங்களாக எதையும் முடிவுசெய்யாதீர்கள். நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு உடனே சொல்லுங்கள். சிறு நிறுவனமாக இருந்து அப்படி ஒருவர் இல்லையென்றால் இணையச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை அழையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தரவுக் கசிவு உள்ளிட்ட சம்பவங்களைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். அழைப்பதற்கு முன் நான்கு விவரங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: படம் எப்போது ஏறியது, எப்போது அழிக்கப்பட்டது, அதில் யாருடைய விவரங்கள் தெரிந்தன, இதை நீங்கள் எத்தனை மணிக்குக் கவனித்தீர்கள்.